சம்படத்தைப் பூட்டுவதா, வகுப்பில் சேர்ப்பதா?

ஒன்பது வயதுப் பையனைக் குளிப்பாட்டும்போது கவனித்தேன். அரைஞாண் கயிறு வயிற்றில் அழுந்திச் சிவப்பாகத் தடம் போட்டிருந்தது. அறுத்துவிட்டு வேறு கட்டினேன். மூன்றே மாதத்தில் அதுவும் இறுகிவிட்டது. "செழிப்பாத்தானே இருக்கான், கண்ணு வைக்காத ஆத்தா" என்றார் அவன் அப்பத்தா. அவன் எடையைக் கட்டுப்படுத்தக் காரைக்குடியில் ஆளாளுக்கு ஒரு வழி சொன்னார்கள். மூன்றை நாங்களே செய்து பார்த்தோம்.

முதலாவது, பலகாரச் சம்படத்தைப் பூட்டுவது. இதில் நியாயம் இல்லாமல் இல்லை. மாவுச்சத்து கிராமுக்கு 4 கலோரி என்றால் எண்ணெய் 9. தேன்குழலும் சீப்புச்சீடையும் முன்பு விசேஷத்துக்குச் சுட்டவை, இப்போது வருஷம் முழுக்கக் கடையில் கிலோக்கணக்கில் கிடைக்கின்றன. ஆனால் அவனுக்குப் பூட்டிவிட்டுத் தங்கச்சிக்கு மட்டும் இரண்டு கொடுத்தோம். ஒருநாள் மத்தியானம் வீட்டின் இரண்டாம் கட்டுப் பக்கம் நறநறவென்று சத்தம். போய்ப் பார்த்தால் வாயில் ஒரு தேன்குழல், கால்சட்டைப் பையில் மூன்று. கையும் களவுமாகப் பிடிபட்ட அந்த முகத்தைப் பார்த்த பிறகு எனக்குப் பூட்டுப் போட மனசு வரவில்லை.

அடுத்து பேட்மின்டன் வகுப்பு. 5 முதல் 17 வயது வரை தினமும் சராசரியாக 60 நிமிடம் நன்றாக மூச்சு வாங்க ஓடியாட வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். வகுப்போ வாரம் மூன்று நாள், அதிலும் பாதி நேரம் வரிசையில் நிற்பது. வண்டியில் போய் வண்டியில் வருவான், வழியில் ஒரு ரோஸ்மில்க். எடை அசையவில்லை. ஆனாலும் நிறுத்தவில்லை, ராத்திரி படுத்ததும் தூங்கிவிடுகிறான். இப்போது சாயங்காலம் தெருவில் ஓடிப்பிடித்தும் விளையாடுகிறான்.

மூன்றாவது, வீட்டையே மாற்றுவது. என் ஓட்டு இதற்குத்தான். முதலில் நிறுத்தியது கலர் (குளிர்பானம்) பாட்டில். 100 மில்லியில் 10 கிராம் சர்க்கரை என்று வைத்தாலும் 250 மில்லி பாட்டிலில் 25 கிராம். சேர்க்கும் சர்க்கரை மொத்தக் கலோரியில் 5 சதவீதத்துக்குள் இருந்தால் நல்லது என்பார்கள், இந்த வயதுக்கு ஒரே பாட்டிலில் அது தீர்ந்துவிடும். நாலு மணிக்குச் சுண்டல், பலகாரம் ஞாயிற்றுக்கிழமை மட்டும், எல்லாருக்கும் ஒரே எண்ணிக்கை. பெரியவர்களை வழிக்குக் கொண்டுவருவதுதான் பெரும்பாடு. "பேரனுக்கு இல்லாதது எனக்கெதுக்கு" என்று ஐயாவே முதலில் ஒதுங்கிக்கொண்டார் (அவருக்குச் சுகர் இருப்பது வேறு கதை). தட்டு முன்னால் செல்போன் கிடையாது, எனக்கும்தான்.

வளரும் பிள்ளைக்குப் பெரும்பாலும் எடை குறைந்தே ஆகவேண்டும் என்பதில்லை, ஏறாமல் நின்றால் உயரம் வந்து ஈடுகட்டிவிடும். எடை குறைக்கும் பவுடர் பக்கம் தலைவைத்தும் படுக்க வேண்டாம். அமெரிக்காவில் எடை குறைக்கும் செமாக்ளூடைட் ஊசியைப் பிள்ளைகளுக்குப் போட 2022 கடைசியில் அனுமதி கிடைத்ததும் 12 வயது நிறைந்தவர்களுக்குத்தான், அதுவும் டாக்டர் பார்வையில்.

டாக்டரிடம் எப்போது போவது? பிள்ளையின் உயரத்துக்கு ஒரு நூல் வெட்டி, பாதியாக மடித்து இடுப்பைச் சுற்றுங்கள். முனைகள் சேரவில்லை என்றால் காட்டிவிடுங்கள். எடை ஏறியும் உயரம் நின்றுபோனால், தினமும் குறட்டை விட்டால், அப்போதும். பின்கழுத்தில் வெல்வெட் மாதிரிக் கருப்புப் பட்டை தெரிந்தால் அழுக்கென்று பீர்க்கங்கூட்டால் தேய்க்காதீர்கள். அது இன்சுலின் சரியாக வேலை செய்யாததன் அடையாளமாக இருக்கலாம், தேய்த்தால் போகாது.