ஏழு வருடம் ஓடிய கன்சோல்: வாங்கலாமா என்று கேட்ட நண்பனுக்கு

போன வாரம் நண்பன் ஒருவன் போன் செய்தான். நான் ஏழு வருடமாக வைத்திருக்கும் அதே கேமிங் கன்சோலை வாங்கலாம் என்று நினைக்கிறான். அடுத்த தலைமுறை வந்துவிட்டதால் இதன் விலை நன்றாக இறங்கியிருக்கிறது. "நீதான் இத்தனை வருஷமா வச்சிருக்க. உள்ளதைச் சொல்லு, வாங்கலாமா வேண்டாமா?" என்றான். ஒரே வார்த்தையில் சொல்ல எனக்கு வரவில்லை. எழுதி அனுப்புகிறேன் என்று சொல்லி போனை வைத்தேன்.

எத்தனை ஜிபி, எத்தனை ஃபிரேம் என்பதெல்லாம் அவனுக்கே தெரியும். ஏழு வருடம் ஒரு பொருளோடு இருந்தவனுக்கு மட்டும் தெரிகிற விஷயங்களைச் சொல்கிறேன்.

மூன்றாவது வருடம் இடது ஸ்டிக்கில் டிரிஃப்ட் வந்தது. முதலில் மெனுவில்தான் கண்ணில் பட்டது. கன்ட்ரோலரை மேஜையில் வைத்துவிட்டேன், கை அதன் மேல் இல்லை, ஆனாலும் தேர்வுக் கட்டம் ஒவ்வொரு வரியாகக் கீழே இறங்கிக்கொண்டிருந்தது. ஒரு மாதத்தில் விளையாட்டுக்குள்ளும் வந்துவிட்டது. மலை விளிம்பில் ஆளை நிறுத்திவிட்டு எழுந்து போனால், திரும்பி வருவதற்குள் பள்ளத்தில் விழுந்திருப்பான். குறி வைத்து அம்பு விடுகிற இடங்களில் கட்டை விரலால் எப்போதும் மேல்பக்கம் லேசாகத் தள்ளிப் பிடித்தபடியே ஆடிப் பழகிவிட்டேன். ஒரு பொருளின் கோளாறுக்குக் கை பழகிப்போவதுதான் எனக்கு ரொம்பவும் உறுத்தியது.

கழற்றிப் பார்த்தேன். ஸ்டிக்கின் இரண்டு பக்கமும் பச்சை நிறத்தில் இரண்டு சின்ன டப்பாக்கள். இரண்டும் பொட்டன்ஷியோமீட்டர்கள். ஒன்று இடவலத்தை அளக்கும், இன்னொன்று மேல்கீழை அளக்கும். பழைய ரேடியோவில் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் குமிழுக்குள் இருப்பதும் இதே சாமான்தான். கார்பன் பூச்சின் மேல் ஒரு மெல்லிய உலோக விரல் உரசிக்கொண்டே போகும். உரச உரசப் பூச்சு தேயும். ரேடியோவில் அது கரகரப்பாகக் கேட்கும். இங்கே அதுதான் ஆளைப் பள்ளத்தில் தள்ளுகிறது.

தேயாத வழி இல்லாமல் இல்லை. காந்தம் நகர்வதை, எதையும் தொடாமலே சென்சார் உணர்ந்துகொள்ளும். எட்வின் ஹால் 1879இல் கண்டுபிடித்த விளைவு அது. 1998இல் ஜப்பானில் வந்த சேகாவின் டிரீம்காஸ்ட் கன்ட்ரோலரிலேயே இந்த முறை இருந்தது. அதற்கு எத்தனையோ வருடம் கழித்துச் செய்த பொருளில் தேய்கிற பாகத்தையே வைத்து விற்றிருக்கிறார்கள் என்று தெரிந்தபோது வந்த கோபம் இன்னும் முழுசாகத் தணியவில்லை.

ஹால் ஸ்டிக் தனியாகவே கிடைக்கிறது. வாங்கி நானே மாற்றினேன். பழைய ஸ்டிக்கைச் சர்க்யூட் போர்டிலிருந்து எடுக்க 14 கால்களின் ஈயத்தை உருக்க வேண்டும். மற்றதெல்லாம் சட்டென்று உருகிவிடும், கிரவுண்டோடு சேர்ந்த கால்கள்தான் அடம்பிடிக்கும். சுற்றியுள்ள செம்பு சூட்டை உறிஞ்சிக்கொள்வதால் சால்டரிங் அயர்னின் முனையை வைத்தபடி பொறுமையாகக் காத்திருக்க வேண்டும். அவசரப்பட்டு இழுத்தால் போர்டிலிருக்கும் செம்பு வளையமே பெயர்ந்து கையோடு வந்துவிடும். முதல் ஸ்டிக்குக்கு இரண்டு மணி நேரம் ஆனது, இரண்டாவதுக்கு நாற்பது நிமிடம்.

மாட்டிய பிறகும் நடுப்புள்ளி சரியாக நிற்கவில்லை. புதிய ஸ்டிக்கின் நடு எது என்று கன்ட்ரோலருக்குச் சொல்லித்தர வேண்டும். அதற்கான கருவியை, கன்சோலைச் செய்த நிறுவனம் வாடிக்கையாளருக்குத் தருவதில்லை. முன்பின் தெரியாத யாரோ ஒருவர் உட்கார்ந்து ஆராய்ந்து, அதைச் செய்கிற மென்பொருளை எழுதி இலவசமாக வைத்திருக்கிறார். யூஎஸ்பியில் இணைத்தேன். ஸ்டிக்கை நாலு மூலைக்கும் தள்ளி விட்டேன். திரையில் தடுமாறிக்கொண்டிருந்த புள்ளி நடுவில் வந்து அப்படியே நின்றது. அன்று இரவு ஆளை மலை விளிம்பில் நிறுத்திவிட்டு, கன்ட்ரோலரைக் கீழே வைத்துவிட்டுக் கால் மணி நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். அசையவே இல்லை. ஏழு வருடத்தில் இந்தக் கன்சோல் எனக்குக் கொடுத்த பெரிய சந்தோஷம் எது என்று கேட்டால், எந்தக் கேமும் இல்லை, அந்தக் கால் மணி நேரம்தான்.

அதற்குப் பிறகு நாலு வருடமாகிறது, டிரிஃப்ட் எட்டிப் பார்க்கவில்லை. நடுவில் ஒருமுறை ஃபேன் சத்தம் அதிகமானது. தூசி தட்டி, சிப்பின் சூட்டைக் கடத்தும் தெர்மல் பேஸ்ட்டை மாற்றியதும் அடங்கிவிட்டது. இதுவரைக்கும் இந்தப் பெட்டியில் வந்த எல்லாக் கோளாறுக்கும் ஒரு ஸ்க்ரூவும் ஒரு வழியும் இருந்தன.

ஆறு மாதத்துக்கு முன்னால் உள்ளிருந்த ஹார்ட் டிஸ்க் செத்துப்போனது. அதையும் மாற்றிவிட்டேன். கேம்கள் வெளி டிரைவில் இருந்தன, சேவ் ஃபைல்களைப் பென் டிரைவில் எடுத்து வைத்திருந்தேன். புது டிஸ்க்கில் சிஸ்டத்தை ஏற்றி, டிரைவைச் செருகினேன். கேம்கள் வரிசையாக வந்து நின்றன. எல்லாப் படத்தின் மூலையிலும் சின்னதாக ஒரு பூட்டு. ஒன்றைத் திறந்தால், இதைப் பயன்படுத்தும் உரிமையைச் சரிபார்க்க முடியவில்லை, அக்கவுண்டில் உள்ளே வாருங்கள் என்றது. சரி என்று லாகின் செய்தேன். சரிபார்ப்பு எண் அனுப்பியிருக்கிறோம் என்றது. அந்த எண் போனது நான் இரண்டு வருடத்துக்கு முன்பே விட்டுவிட்ட பழைய மொபைல் நம்பருக்கு.

நம்பரை மாற்றி வைக்காதது என் தவறுதான், அதை மறைக்கவில்லை. ஆனால் அதற்குப் பிறகு நடந்ததைக் கேள். வாடிக்கையாளர் சேவைக்கு எழுதினேன். முதன்முதலில் வாங்கிய கேம் எது, எந்தத் தேதியில், எந்த அட்டையில் பணம் கட்டினாய் என்று கேட்டார்கள். ஏழு வருடத்துக்கு முந்தைய மின்னஞ்சல்களைத் தோண்டி எடுத்து அனுப்பினேன். தானியங்கிப் பதில் வந்தது. மறுபடி அனுப்பினேன், வேறொருவர் வந்து முதலிலிருந்து அதே கேள்விகளைக் கேட்டார். மொத்தம் ஒன்பது நாள். பணம் கட்டி வாங்கிய கேம்கள் மேஜை மேல், கைக்கெட்டும் தூரத்தில், என் டிரைவிலேயே இருந்தன. தனியாக உட்கார்ந்து ஆடுகிற கேம்கள் அவை, எதிரில் இன்னொரு ஆட்டக்காரர்கூடக் கிடையாது. அவற்றைத் திறக்க எங்கோ இருக்கும் ஒரு சர்வரின் சம்மதம் வேண்டியிருந்தது. பிசுபிசுத்த பட்டன், தேய்ந்த கார்பன், செத்த டிஸ்க் எல்லாவற்றையும் சரிசெய்த கையால் அந்தப் பூட்டை ஒன்றும் செய்ய முடியவில்லை.

அந்த ஒன்பது நாளில் என்னைக் காப்பாற்றியவை டிஸ்க்கில் (ஹார்ட் டிஸ்க் இல்லை, கன்சோலுக்குள் போடுகிற தட்டு) வாங்கிய பழைய கேம்கள். தம்பியும் நானும் ஒரே திரையை இரண்டாகப் பிரித்துக்கொண்டு ஆடினோம். லாகின், சரிபார்ப்பு எதுவும் கேட்கவில்லை. டிஸ்க்கைப் போட்டதும் ஓடியது. டிஸ்க் எல்லாமே இப்படி இருக்கும் என்று எண்ணிவிடாதே. பின்னால் வாங்கிய ஒரு டிஸ்க்கில் கேமின் பாதிதான் இருந்தது. மீதியை டவுன்லோடு செய்யச் சொல்லி அதுவும் வாசலிலேயே நின்றுவிட்டது.

நாம் காசு கொடுத்து வாங்குவது கேமை இல்லை, அதை ஆடுவதற்கான உரிமத்தை. ஒப்பந்தத்தில் எல்லோரும் படிக்காமல் 'சம்மதம்' அழுத்துகிற பக்கத்தில் அது எப்போதும் இருக்கத்தான் செய்கிறது. பட்டனில் மட்டும் 'வாங்கு' என்று இருக்கும். அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலம் இதற்காகவே 2024இல் ஒரு சட்டம் இயற்றியது. எந்த நேரமும் திரும்பப் பெறக்கூடிய உரிமத்தைத்தான் விற்கிறோம் என்று தெளிவாகச் சொல்லாமல் 'வாங்கு' என்ற சொல்லைப் பயன்படுத்தக் கூடாது என்கிறது அது. 2025 ஜனவரி முதல் அமலில் இருக்கிறது. நல்ல சட்டம்தான். ஆனால் பூட்டு இருக்கிறது என்று எழுதி வைக்கச் சொல்கிறதே தவிர, பூட்டை எடுக்கச் சொல்லவில்லை.

அந்தப் பூட்டு நிரந்தரமாகவும் விழலாம். யூபிசாஃப்ட் நிறுவனம் 2014இல் வெளியிட்ட 'தி க்ரூ' கார்ப் பந்தய கேமைத் தனியாக ஆடவும் சர்வர் வேண்டும். 2024 மார்ச் 31 அன்று சர்வரை நிறுத்தினார்கள். டிஸ்க்கை அலமாரியில் வைத்திருந்தவருக்கும் அன்றோடு கேம் இல்லை. அந்தக் கோபத்தில்தான் ராஸ் ஸ்காட் என்பவர் 'ஸ்டாப் கில்லிங் கேம்ஸ்' இயக்கத்தைத் தொடங்கினார். ஐரோப்பிய ஒன்றியத்திடம் வைத்த மனுவில் 2025 ஜூலைக்குள் பத்து லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் கையெழுத்துப் போட்டார்கள். சர்வரை என்றென்றும் நடத்துங்கள் என்று அவர்கள் கேட்கவில்லை. நிறுத்துகிற அன்று, வாங்கியவன் அதைத் தொடர்ந்து ஆட ஏதாவது ஒரு வழி விட்டுவிட்டுப் போங்கள் என்கிறார்கள். இதைவிட நியாயமாக எப்படிக் கேட்பது?

இணையக் கட்டுப்பாடு என்றதும் நமக்கு அரசாங்கம்தான் ஞாபகத்துக்கு வருகிறது. அதுவும் உண்மைதான். தென்கொரியாவில் 2011 முதல் பத்து வருடம், 16 வயதுக்குக் கீழே உள்ளவர்கள் நள்ளிரவிலிருந்து காலை 6 மணி வரை ஆன்லைன் கேம் ஆடத் தடை இருந்தது. 2021இல் சீனா, 18 வயதுக்குள் இருப்பவர்களுக்கு வெள்ளி, சனி, ஞாயிறு, விடுமுறை நாட்களில் இரவு 8 முதல் 9 வரை ஒரு மணி நேரம்தான் என்று விதித்தது. ஆனால் அவற்றை அரசு விதி என்று சொல்லித்தான் கொண்டுவந்தார்கள். எதிர்த்துப் பேச இடமிருந்த தென்கொரியாவில் சட்டத்தையே விலக்கிக்கொண்டார்கள். என் கன்சோலில் இருக்கும் கட்டுப்பாட்டுக்கு விவாதமும் கிடையாது, வாக்கெடுப்பும் கிடையாது. ஒரு அப்டேட் போதும். 2010 ஏப்ரல் 1 அன்று சோனி அப்படித்தான் பிளேஸ்டேஷன் 3இல் லினக்ஸ் என்ற வேறொரு இயங்குதளத்தை ஏற்றும் வசதியை எடுத்துவிட்டது. பாதுகாப்புக்காக என்று காரணம் சொன்னார்கள். அப்டேட் போடாமல் இருந்தால் வசதி மிஞ்சும், ஆன்லைன் போய்விடும். ஏதாவது ஒன்றை இழந்தே ஆக வேண்டும்.

கம்பெனிகள் பக்கம் இருக்கும் நியாயத்தையும் பார்க்கிறேன். பலர் சேர்ந்து ஆடும் கேமில் சர்வர் இல்லாமல் முடியாது. ஏமாற்றுக்காரனைத் தடுக்க அக்கவுண்ட் வேண்டும். என் பழைய நம்பர் இப்போது யார் கையில் இருக்கிறதோ, அவர் கேட்டதும் என் அக்கவுண்டைத் தூக்கிக் கொடுத்திருந்தால் நான்தான் முதலில் கத்தியிருப்பேன். கூகுள் 2023 ஜனவரியில் ஸ்டேடியா என்ற தன் ஆன்லைன் கேம் சேவையை மூடியபோது, வாங்கிய கேம்களுக்குப் பணத்தைத் திருப்பித் தந்தது. அதோடு, அந்தக் கன்ட்ரோலரைச் சாதாரண புளூடூத் கன்ட்ரோலராக மாற்றிக்கொள்ளவும் ஒரு அப்டேட் கொடுத்தது. மூடுவதிலும் ஒரு மரியாதை இருக்க முடியும் என்று அன்று தெரிந்தது. அதே மாதிரி, 24 மணி நேரத்துக்கு ஒருமுறை இணையத்தில் தலை காட்ட வேண்டும் என்ற விதியோடு வரவிருந்த எக்ஸ்பாக்ஸ் ஒன் கன்சோலை, ஆட்டக்காரர்கள் போட்ட சத்தத்தில் 2013 ஜூனில் மைக்ரோசாஃப்ட் மாற்றிக்கொண்டது. சத்தம் போட்டால் கேட்கிறார்கள். சத்தம் போடாத வருடங்களில்தான் பூட்டுகள் ஒவ்வொன்றாக வந்து சேர்ந்திருக்கின்றன.

பத்தாவது நாள் காலையில் மன்னிப்பும் நன்றியும் சொல்லி ஒரு மின்னஞ்சல் வந்தது. பூட்டுகள் போய்விட்டன. விட்ட இடத்திலிருந்து ஆடினேன். கேம் முன்பு போலவே அழகாக இருந்தது. ஆனால் திறக்கும்போதெல்லாம் அந்த மூலையைக் கண் தேடுகிறது.

இப்போது உன் கேள்விக்கு வருகிறேன். இத்தனை வருடத்தில் நான் வைத்திருந்த மின்னணுச் சாமான்களில் இவ்வளவு உழைத்தது வேறு எதுவும் இல்லை. படம் இன்றைக்கும் கண்ணுக்கு நிறைவாக இருக்கிறது. பாகங்கள் கிடைக்கின்றன. கழற்றினால் திரும்பப் பூட்ட முடிகிறது. இறங்கியிருக்கும் விலைக்கு இதைவிட நல்ல பெட்டி கிடைக்காது. இருந்தும், வாங்காதே. இன்னும் கொஞ்ச வருடத்தில் இந்தத் தலைமுறைக்கான சர்வரை எந்த நாளில் நிறுத்துவார்கள் என்று உனக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. அன்று உன் டிரைவில் இருக்கும் எல்லாப் படத்திலும் பூட்டு வந்தால், திறந்துவிட அந்தப் பக்கம் ஆள் இருக்க மாட்டார். ஒன்பது நாளே எனக்குத் தாங்கவில்லை. கோபத்தில் சொல்கிறேன் என்று நீ நினைத்தால், ஆமாம், கோபத்தில்தான் சொல்கிறேன்.

அப்படியும் கேட்காமல் வாங்கத்தான் போகிறாய் என்றால், டிஸ்க் டிரைவ் உள்ளதாகப் பார்த்து வாங்கு. மொபைல் நம்பர் மாறினால் அன்றைக்கே அக்கவுண்டிலும் மாற்றிவிடு. டிரிஃப்ட் வந்தால் கன்ட்ரோலரை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வா. என்னிடம் இன்னும் இரண்டு ஹால் ஸ்டிக் இருக்கிறது, நாற்பது நிமிட வேலை.