காலேஜ் டீம்ல இடம் கிடைக்க யாரை நம்பலாம்: ஸ்கூல் கோச்சா, ஏஏயூ கோச்சா, காசு வாங்குற சர்வீஸா, ப்ரெப் ஸ்கூலா?

அமெரிக்காவுல ஹைஸ்கூல் பாஸ்கெட்பால் ஆடுற பசங்க சுமார் 5.4 லட்சம் பேர், அதுல என்சிஏஏ (காலேஜ் விளையாட்டை நடத்துற அமைப்பு) டீம் ஏதோ ஒண்ணுல போய் ஆடுறவங்க நூத்துக்கு மூணு நாலு பேர்தான், மூணு டிவிஷன்ல மேல் மட்டமான டிவிஷன் 1 மட்டும்னு பாத்தா நூத்துல ஒருத்தர், இது என்சிஏஏவே போட்டு வச்சிருக்கிற கணக்கு. அதனால 10வது படிக்கும்போதே வீட்ல பேச்சு ஆரம்பிச்சிடும், யாரைப் பிடிக்கிறது, யார் சொன்னா காலேஜ்ல கேப்பாங்கன்னு. இங்க இருக்கிற நம்ம தமிழ்க் குடும்பங்கள்ல ஸ்கூலோட மெயின் டீமான வார்சிட்டி வரைக்கும் வந்துட்ட பசங்க வீட்லயும் இதே பேச்சுதான். நான் ஒரு ஸ்கூல் டீமோட இருக்கிற ஆளு, என் சாய்வு எந்தப் பக்கம்னு இப்பவே சொல்லிடறேன். நான் சொல்றது பசங்க டீம் பத்தி, பொண்ணுங்களுக்கு தேதி விதி எல்லாம் கொஞ்சம் மாறும்.

முதல்ல ஸ்கூல் கோச். இவர்கிட்ட இருக்கிற பெரிய சொத்து, பையனை தினமும் பாக்குறார்ங்கறதுதான். தோத்த மறுநாள் பிராக்டிஸ்க்கு எப்படி வர்றான், டீச்சர் என்ன சொல்றாங்க, கணக்குல மார்க் ஏன் குறைஞ்சுது, எல்லாம் இவருக்குத் தெரியும், காலேஜ் கோச் போன் பண்ணா கேக்குறதும் முக்காவாசி இதுதான், ஏன்னா ஷாட் எப்படி போடுறான்னு ஃபிலிம்ல அவரே பாத்துக்குவார். மேரிலேண்ட்ல டிமேத்தா கத்தோலிக் ஸ்கூல்ல மார்கன் வூட்டன் 46 சீசன் கோச்சா இருந்தார், 1,274 மேட்ச் ஜெயிச்சார், ஆனா எனக்கு அதைவிட பெருசா தெரியிறது வேற, 30 வருஷம் தொடர்ச்சியா அவர் டீம்ல 12வது முடிச்ச ஒவ்வொரு பையனுக்கும் காலேஜ் ஸ்காலர்ஷிப் கிடைச்சுது, பெஞ்ச்ல உக்காந்த பசங்களுக்கும் சேத்து. ஜெர்சி சிட்டியில செயின்ட் ஆன்டனி ஸ்கூலை எடுத்துக்குங்க, சொந்தமா ஒரு ஜிம் கூட கிடையாது, பாப் ஹர்லி அங்க கோச், பல வருஷம் ப்ரொபேஷன் ஆபீசர் வேலை பாத்துக்கிட்டே 28 ஸ்டேட் சாம்பியன்ஷிப் ஜெயிச்சுக் கொடுத்தார், ஸ்கூல் 2017ல மூடுற வரைக்கும் அங்கயே இருந்தார். கஷ்டமான வீட்டுப் பசங்க வருஷா வருஷம் அவர் கையால காலேஜ் போனாங்க. இவங்க ரெண்டு பேரும் போன் எடுத்து "இந்தப் பையன் உங்க லெவலுக்கு சரியா வருவான்"னு சொன்னா எதிர்ல இருக்கிறவர் நம்புவார், ஏன்னா முன்னாடி சரியா வராத பையனை வருவான்னு சொல்லி அனுப்புனது கிடையாது. ரெக்ரூட்டிங்ல, அதாவது காலேஜ் டீமுக்கு ஆள் எடுக்கிறதுல, செல்லுற காசு இந்த நம்பிக்கை ஒண்ணுதான்.

ஆனா எல்லா ஸ்கூலுக்கும் வூட்டன் கிடைக்க மாட்டார். நிறைய ஸ்கூல் கோச் பகல்ல பாடம் எடுக்கிற டீச்சர், சாயங்காலம் ஒரு சின்ன தொகைக்கு கோச்சிங், காலேஜ் பக்கம் ஒரு ஆளைக் கூட தெரியாது, சிலர் "நல்லா ஆடு, அவங்களா வருவாங்க"ன்னு விட்டுடறாங்க, அது இப்ப நடக்காது. இன்னொரு சிக்கல் சீசன், ஸ்கூல் மேட்ச் நடக்கிற அதே குளிர்கால மாசங்கள்லதான் காலேஜ் டீமுக்கும் மேட்ச், அவங்களால எத்தனை ஊருக்கு வர முடியும். 2019லேருந்து ஜூன் மாசம் ஸ்கூல் டீமா ஆடுற டோர்னமென்ட்டுக்கு காலேஜ் கோச் வந்து பாக்கலாம்னு என்சிஏஏ விட்டிருக்கு, உங்க ஸ்கூல் அதுல ஆடுதான்னு கேட்டு வைங்க, பல பெற்றோருக்கு இது தெரியவே தெரியாது.

அடுத்து ஏஏயூ, அதாவது கிளப் டீம். வசந்த காலத்துலயும் ஜூலையிலயும் காலேஜ் கோச்சுங்க நேர்ல வந்து பாக்க அனுமதி இருக்கிற வீக்கெண்ட்ல ஒரே கட்டடத்துல வரிசையா கோர்ட், ஒரு அசிஸ்டன்ட் கோச் ரெண்டு நாள்ல அங்க பாக்குற பசங்களை ஊர் ஊரா காரோட்டிப் போய் பாத்தா ஒரு மாசம் ஆகும். அந்த வசதியை எந்த ஸ்கூல் கோச்சாலயும் தர முடியாது, ஒத்துக்கணும். மேல் மட்டத்துல நைக்கி நடத்துற ஈஒய்பிஎல்னு ஒரு கிளப் லீக், அடிடாஸுக்கு ஒண்ணு, அண்டர் ஆர்மருக்கு ஒண்ணு, ஈஒய்பிஎல்லோட முடிவு ஜூலையில சவுத் கரோலைனா நார்த் அகஸ்டாவுல நடக்கிற பீச் ஜாம், பெரிய காலேஜ் ஹெட் கோச்சுங்களே சுவரோரம் வரிசையா உக்காந்திருப்பாங்க.

இதுல ரெண்டு விஷயம் கவனிக்கணும். ஷூ கம்பெனி பணம் வர்ற இடத்துல கோச் யாருக்காக பேசுறார்ங்கற கேள்வி வரும், 2017 செப்டம்பர்ல எஃப்பிஐ காலேஜ் அசிஸ்டன்ட் கோச்சுங்களையும் அடிடாஸ் ஆளையும் கைது பண்ண வழக்குல ஒரு பகுதி, பசங்க குடும்பத்துக்கு மறைமுகமா பணம் கொடுத்து குறிப்பிட்ட காலேஜ் பக்கம் தள்ளுனதைப் பத்தித்தான். அதுக்கப்புறம் முன்னாள் வெளியுறவு அமைச்சர் காண்டலீசா ரைஸ் தலைமையில என்சிஏஏ கமிஷன் போட்டு 2018ல ரிப்போர்ட் வந்துது, நான் மேல சொன்ன ஜூன் மாற்றம் கூட அதை ஒட்டி வந்ததுதான். எல்லா கிளப்பும் அப்படின்னு நான் சொல்ல வரல, ராத்திரி பகலா பசங்களுக்காக அலையிற கிளப் கோச்சுங்களை எனக்கே தெரியும். ரெண்டாவது இன்னும் சாதாரணமானது, பேர் பெத்த டீம்ல உங்க பையன் ஒன்பதாவது ஆளா நாலு நிமிஷம் ஆடுறதுக்கு, சின்ன கிளப்ல பந்தை கையில வச்சுக்கிட்டு முழு மேட்ச் ஆடுறது பல மடங்கு மேல், டிவிஷன் 2, டிவிஷன் 3 கோச்சுங்க அந்த கோர்ட்டுக்கும் வர்றாங்க. சேர்றதுக்கு முன்னாடி கோச்கிட்ட ஒண்ணு கேளுங்க, போன வருஷம் 12வது முடிச்ச உங்க பசங்க எல்லாரும் எங்க போனாங்க? ஸ்டார் பிளேயர் பேரை மட்டும் சொன்னா மத்தவங்க என்ன ஆனாங்கன்னு திருப்பிக் கேளுங்க.

காசு வாங்குற ரெக்ரூட்டிங் சர்வீஸ் பத்தி சுருக்கமா சொல்றேன். ப்ரொஃபைல் போடுறாங்க, ஹைலைட் வெட்டித் தர்றாங்க, நூத்துக்கணக்கான காலேஜுக்கு மெயில் போகுது, பெரிய பேக்கேஜ்னா சில ஆயிரம் டாலர். தரகர் ஒரே ஜாதகத்தை ஊர்ல இருக்கிற எல்லா வீட்டுக்கும் அனுப்புற மாதிரிதான், வாங்குறவங்களுக்கும் அது தெரியும். ஹட்ல்ங்கற வீடியோ சைட்ல ஸ்கூல் மேட்ச் ஃபிலிம் ஏற்கனவே இருக்கு, பையனே உக்காந்து மூணு நிமிஷ ஹைலைட் பண்ணிடலாம். யாரும் வந்து பாக்காத சின்ன ஊர், கோச்சுக்கும் ஆர்வம் இல்லை, அப்படிப்பட்ட பையனுக்கு இது கொஞ்சம் உதவும். ஆனா "இடம் வாங்கிக் கொடுத்தா இவ்வளவு, ஸ்காலர்ஷிப்ல இத்தனை சதவீதம்"னு யாராவது பேசினா எழுந்து வந்துடுங்க, இடம் கிடைக்கிறதை வச்சு ஃபீஸ் வாங்குறது என்சிஏஏ விதிப்படி கூடாது, பையனோட தகுதிக்கே ஆபத்து.

ப்ரெப் ஸ்கூல், அதாவது 12வது முடிச்சு நியூ இங்கிலாந்து பக்கம் போர்டிங்ல இன்னொரு வருஷம். டங்கன் ராபின்சன் எக்ஸ்டர் ஸ்கூல்ல அப்படி ஒரு வருஷம் இருந்துட்டு வில்லியம்ஸ்னு ஒரு டிவிஷன் 3 காலேஜ் போனார், அங்கேருந்து மிச்சிகன், அங்கேருந்து என்பிஏ டீம் மயாமி ஹீட். லேட்டா வளர்ற பையனுக்கு ஒரு வருஷம் ரொம்ப பெருசு. அதுலயும் 2018ல காலேஜ் மாற நினைக்கிறவங்க பேர் போடுற டிரான்ஸ்ஃபர் போர்ட்டல் வந்து, 2021ல ஒரு தடவை மாறினா உடனே ஆடலாம்னு ஆனதுக்கப்புறம், டிவிஷன் 1 கோச்சுங்க 18 வயசுப் பையனை விட ஏற்கனவே காலேஜ்ல ஆடின 21 வயசுக்காரனைத்தான் முதல்ல தேடுறாங்க, 2025-26லேருந்து பெரிய காலேஜ்கள்ல டீம்ல மொத்தமே 15 பேர்தான். ஆனா உதவித்தொகை இல்லாட்டி போர்டிங் செலவு பல இடத்துல வருஷம் 60,000 டாலரைத் தாண்டும். படிப்புல பின்தங்கினதை அந்த வருஷத்துல சரி பண்ணிடலாம்னு நினைக்கிறவங்களுக்கு, டிவிஷன் 1க்கு 16 கோர் கோர்ஸ் (இங்கிலீஷ், கணக்கு, சயின்ஸ் மாதிரி அடிப்படைப் பாடங்கள்) வேணும், அதுல 10 கோர்ஸ் 12வது தொடங்கறதுக்கு முன்னாடியே முடிஞ்சிருக்கணும், ஸ்கூல் முடிச்சதுக்கப்புறம் சேக்க முடியிறது ஒரே ஒரு கோர்ஸ். அவ்வளவு காசு இல்லாட்டி ஜூனியர் காலேஜ் இருக்கு, என்பிஏ ஸ்டார் ஜிம்மி பட்லர் டெக்சாஸ்ல டைலர் ஜூனியர் காலேஜ்லதான் ஆரம்பிச்சார், அங்கேருந்து மார்க்கெட் (Marquette) யுனிவர்சிட்டி போனார்.

நாலையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாத்தா என் கணக்கு இதுதான். பையன் யாரு, எந்த லெவல்னு உண்மை சொல்ல ஸ்கூல் கோச், அவனை நாலு பேர் கண்ணுல படவைக்க ஏஏயூ, ஒண்ணு போதும்னு இருக்கக் கூடாது. ரெண்டு பேரும் வேற வேற பதில் சொன்னா நான் ஸ்கூல் கோச் சொல்ற லெவலைத்தான் எடுத்துக்குவேன், "உன் பையன் டிவிஷன் 1 கிடையாது, நல்ல டிவிஷன் 3"ன்னு முகத்துக்கு நேரா சொல்றவருக்கு அதுல எந்த லாபமும் இல்லை. அந்த பதிலைக் கேட்டு முகம் சுருங்க வேண்டாம், ஸ்போர்ட்ஸ் ஸ்காலர்ஷிப் கிடையாதுதான், ஆனா சிகாகோ யுனிவர்சிட்டி, எமரி, கார்னகி மெலன், என்ஒய்யூ எல்லாம் டிவிஷன் 3, மார்க் நல்லா இருக்கிற பையனுக்கு கோச் பிடிச்சா 11வது முடிஞ்ச கோடையிலயே டிரான்ஸ்கிரிப்டை அட்மிஷன்ஸ் ஆபீஸ்ல காட்டி தேறுவானான்னு கேட்டு சொல்லிடுற பழக்கம் பல இடத்துல இருக்கு.

10வது முடிஞ்ச ஜூன் 15லேருந்து டிவிஷன் 1 கோச் பையனுக்கு நேரா எழுதலாம், பேசலாம், அதுக்கு முன்னாடியே பையன் தன் பக்கத்துலேருந்து எழுதி வைக்கலாம், தடை இல்லை. அந்த மெயிலை அவனே எழுதணும், அப்பா எழுதினா ரெண்டாவது வரியிலயே தெரிஞ்சிடும். உயரம், எந்த பொசிஷன், ஜிபிஏ, ஒரு முழு மேட்ச் ஃபிலிம், ஜூலையில எந்த டோர்னமென்ட், எந்த கோர்ட், எத்தனை மணின்னு இருந்தா போதும். கடைசி வரியில ஸ்கூல் கோச்சோட போன் நம்பர் போடணும், போடுறதுக்கு முன்னாடி அவரை உக்கார வச்சு, காலேஜ்லேருந்து கூப்பிட்டா என்னைப் பத்தி என்ன சொல்வீங்கன்னு கேட்டுக்கட்டும்.