அர்ஷின் மால் அலானா, மெஷாதி இபாதா? எத மொதல்ல பாக்கலாம்

ரெண்டுமே அஜர்பைஜான் இசையமைப்பாளர் உசெயிர் ஹாஜிபெயோவ் எழுதுனதுதான், ரெண்டுமே கல்யாண வழக்கத்த கிழிக்கிற காமெடி இசை நாடகம்தான், ஆனா மனசுல நிக்கிற விதம் வேற.

1911ல வந்த மெஷாதி இபாத் கதைல கடன்ல மூழ்குன ருஸ்தம் பெய் தன் பொண்ணு குல்நாஸ ஐம்பது வயசு பணக்கார வியாபாரி மெஷாதி இபாதுக்கு கட்டிவைக்க பாக்குறார். அவளுக்கோ சர்வர்னு ஒரு ஸ்டூடண்ட் மேல காதல். இங்க பேரம்தான் கல்யாணம். சிரிச்சுட்டே பாப்போம், ஆனா அந்தப் பொண்ண நெனச்சா வயிறு எரியும். கடைசில மெஷாதி, ருஸ்தம் பெய் வீட்டு வேலைக்காரிய கட்டிக்கிட்டு "அவ இல்லன்னா இவ"னு போறார், நாடகத்தோட அசல் பேரே அதுதான்.

1913ல பாகு நகரத்துல அரங்கேறுன அர்ஷின் மால் அலான் இதவிட மென்மை. கட்டிக்கப்போற பொண்ண முன்னாடியே பாக்கணும்னு அஸ்கர் ஆசப்படுறான், ஆனா பொண்ணுங்க முக்காடு போட்டு வீட்டுக்குள்ள இருக்குற காலம், அதனால நண்பன் சுலைமான் சொன்னபடி துணி விக்கிறவன் வேஷம் போட்டு முழக்கோலோட வீடு வீடா போறான், அப்படித்தான் குல்ச்சோஹ்ராவ பாக்குறான். இதுல எனக்கு ரொம்பப் புடிச்சது கல்யாணச் செலவு கணக்கு: ஒரு முல்லா, மூணு மனாத் (அந்த ஊரு காசு), ஒரு கூம்பு சர்க்கரை, அவ்ளோதான்! முடிவுல நாலு ஜோடி சேருது.

பாட்டுக்காக பாக்குறவங்க அர்ஷினோட 1945 படத்துல ரஷீத் பெஹ்புதோவ் குரல கண்டிப்பா கேளுங்க. மெஷாதிக்கு 1956 படம் இருக்கு, அதுல நடிப்புதான் பலம்.

என்னக் கேட்டா அர்ஷின்தான் மொதல்ல. மெஷாதியோட கோவம் அதுக்கப்புறம் பாத்தா இன்னும் நல்லா ஏறும்.