மேலே சுடும் மோசின் நாகான்: ஆறு ஆண்டு அனுபவம்

ரஷ்யாவின் இஷெவ்ஸ்க் ஆலையில் 1943இல் சோவியத் படைக்காகச் செய்யப்பட்ட மோசின் நாகான் 91/30 ரைஃபிள் ஒன்று ஆறு ஆண்டுகளாக என்னிடம் இருக்கிறது. கனடாவின் ஆல்பர்ட்டா மாகாணத்தில் உரிமம் பெற்று வாங்கியது. வாங்கிய முதல் மாதத்திலேயே அதன் குறை தெரிந்துவிட்டது. குறி பார்க்க உதவும் பின் சைட்டை அதன் ஆகக் குறைந்த அளவான 100 மீட்டரில் வைத்து, இலக்குத் தாளின் நடுவைக் குறி பார்த்துச் சுட்டால், குண்டுகள் எல்லாம் ஒரு சாணுக்குச் சற்றுக் குறைய, ஏறத்தாழ 20 சென்டிமீட்டர் மேலே போய் விழுந்தன. சிதறாமல் ஓரிடத்தில் சேர்ந்தே விழுந்ததால் குழலின் மீது எனக்குச் சந்தேகம் எழவில்லை.

இந்த ரகத் துப்பாக்கிகள் சோவியத் படையில் பயனெட் (குழல் முனையில் பொருத்தும் குத்தீட்டி) மாட்டிய நிலையிலேயே குறி சரிபார்க்கப்பட்டவை என்பதால், முதலில் ஒரு பயனெட்டை மாட்டிப் பார்த்தேன். குண்டு விழும் இடம் மாறியது. ஆனால் உயரப் பிழை முழுதாகத் தீரவில்லை. அரை மீட்டர் நீள இரும்பை முனையில் தாங்கிக்கொண்டு சுடுதள மேசையில் உட்கார்ந்திருப்பது பக்கத்து மேசைக்காரர்களுக்கு வேடிக்கையாக இருந்ததுதான் மிச்சம்.

அடுத்து, வீட்டில் நானே நிரப்பும் தோட்டாக்களைக் கொண்டு இதைத் திருத்திவிடலாம் என்று நினைத்தேன். ஓராண்டை விழுங்கிய தவறு அது. குழலின் உள்விட்டத்தை ஈயத் துண்டு செலுத்தி அளந்தபோது 7.92 மில்லிமீட்டர் வந்தது. எனவே 7.82 மில்லிமீட்டர் குண்டுகளை ஒதுக்கிவிட்டு, .303 பிரிட்டிஷ் துப்பாக்கிகளுக்கென விற்கப்படும் 7.90 மில்லிமீட்டர் குண்டுகளை வாங்கினேன். அதனால் ஐந்து குண்டுகள் விழும் வட்டம் 12 சென்டிமீட்டரிலிருந்து ஏழு, எட்டாகச் சுருங்கியது. ஆனால் உயரம் குறையவில்லை. 150 கிரெய்ன் எடையுள்ள குண்டு 17 சென்டிமீட்டர் மேலே அடித்தது, 174 கிரெய்ன் 20. கனமான குண்டு தாழ்வாக விழும் என்ற என் கணக்கு தலைகீழாகிப் போனது.

வெடிமருந்தைக் குறைத்து வேகத்தைத் தணித்தால் குண்டு தாழும் அல்லவா என்று பலரும் கேட்கிறார்கள். நானும் அப்படித்தான் எண்ணினேன். கணக்குப் போட்டால் விஷயம் விளங்கும்: நொடிக்குச் சராசரி 760 மீட்டர் வேகத்தில் செல்லும் குண்டு 100 மீட்டரைக் கடப்பதற்குள் புவியீர்ப்பால் 8.5 சென்டிமீட்டர் தாழ்கிறது. 700 மீட்டர் வேகத்தில் 10 சென்டிமீட்டர். அவ்வளவு வேகத்தை இழந்தும் கிடைப்பது ஒன்றரை சென்டிமீட்டர்தான். அதோடு, வேகம் குறைந்த குண்டு குழலுக்குள் சற்றுக் கூடுதல் நேரம் இருப்பதால், பின்னுதைப்பில் முனை மேலெழும்பத் தொடங்கிய பிறகே வெளியேறும். கிடைத்த ஒன்றரையையும் அது தின்றுவிடக்கூடும். தோட்டா நிரப்பும் கையேட்டில் உள்ள குறைந்தபட்ச அளவுக்கும் கீழே மருந்தைக் குறைக்கும் யோசனையை நான் தொடவே இல்லை. மெதுவாக எரியும் மருந்தை மிகக் குறைவாகப் போட்டால், அழுத்தம் குறைவதற்குப் பதிலாக ஆபத்தான அளவுக்கு ஏறிய சம்பவங்கள் உண்டு. ஆகவே நன்றாகச் சேர்ந்து விழுந்த 174 கிரெய்ன் தோட்டாவை முடிவாக வைத்துக்கொண்டு, சைட்டின் பக்கம் திரும்பினேன்.

பின் சைட் ஏற்கெனவே அடிமட்டத்தில் இருந்ததால், குழல் முனையில் உள்ள முன் சைட்டின் முள்ளை உயர்த்துவது ஒன்றே வழி. பின் சைட்டை ஏற்றினால் குண்டு ஏறும், முன் முள்ளை ஏற்றினால் குண்டு இறங்கும். இது பிடிபடாமல் முள்ளையே அராவித் துப்பாக்கியைக் கெடுத்தவர்களைப் பார்த்திருக்கிறேன். இரண்டு சைட்டுகளுக்கும் இடையிலான தூரம் 622 மில்லிமீட்டர். பிழையை அந்தத் தூரத்தால் பெருக்கி, இலக்கின் தூரத்தால் வகுத்தால் முள் எவ்வளவு உயர வேண்டும் என்பது வந்துவிடும்: 200 மி.மீ. பிழைக்கு 1.24 மி.மீ. வேறு விதமாகச் சொன்னால், முள்ளில் பத்தில் ஒரு மில்லிமீட்டர் மாறினால் தாளில் 1.6 சென்டிமீட்டர் நகரும்.

மின்கம்பியின் பிளாஸ்டிக் உறையை ஒரு சிறு துண்டு வெட்டி முள்ளின் மேல் தொப்பிபோலச் செருகினேன். வேண்டுமென்றே 1.6 மி.மீ. உயர்வாக விட்டதால், முதல் ஐந்து குண்டுகள் ஆறு சென்டிமீட்டர் கீழே விழுந்தன. பிறகு மெல்லிய அரத்தால் மூன்று இழுப்பு, ஐந்து குண்டு, மீண்டும் மூன்று இழுப்பு என்று ஒரு முழுக் காலைப்பொழுதும் போனது. கடைசியில் அவசரப்பட்டு அதிகமாக அராவிவிட்டு, அந்தத் துண்டை எறிந்துவிட்டுப் புதிதாகத் தொடங்கினேன் என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். சிவப்பு உறை வெயிலில் மினுங்கிக் கண்ணை ஏமாற்றியது. கறுப்பு நன்றாக இருந்தது. முப்பது குண்டுகள் சுட்டுக் குழல் சூடேறினால் பிளாஸ்டிக் இளகிச் சற்றே சாய்வதும், துடைக்கும் கரைப்பான் பட்டால் உப்புவதும் இதன் குறைகள்.

எனவே இரண்டாம் ஆண்டில், கடைசல் இயந்திரம் வைத்திருக்கும் ஒருவரிடம் அதே உயரத்தில் எஃகுத் தொப்பி ஒன்று கடைந்து வாங்கி, பசையிட்டுப் பொருத்தினேன். சூடாக்கினால் கழன்றுவிடும் என்பதால் பழைய முள்ளுக்குச் சேதமில்லை. நான்கு ஆண்டுகளில் அது அசையவில்லை. பனிக்காலத்தில் வெப்பநிலை உறைநிலைக்குப் பதினைந்து பாகை கீழே போகும்போது, குண்டின் வேகத்தை அளக்கும் வேகமானி சற்றுக் குறைவாகக் காட்டுகிறது. தாளில் அந்த வித்தியாசத்தை என் கண்ணால் கண்டுபிடிக்க முடியவில்லை.

எனக்கு எஞ்சியிருக்கும் மனக்குறை தடிமன்தான். தொப்பி போட்ட முள் இரண்டு மில்லிமீட்டரிலிருந்து மூன்றாகிவிட்டது. 100 மீட்டர் தொலைவில் அது பத்து சென்டிமீட்டர் அகலத்தைக் கூடுதலாக மறைக்கிறது. அதனால் பெரிய கறுப்பு வட்டத்தின் அடிவிளிம்பில் முள்ளை நிறுத்திச் சுடும் பழக்கத்துக்கு மாறி, அதற்கேற்ப வட்டத்தின் அளவையும் நானே தாளில் வரைந்துகொள்கிறேன்.