ஆர்கேட் துவக்கைக் கணினியில் பொருத்த எந்த வழி நல்லது?

காசு போட்டு விளையாடும் ஆர்கேட் வீடியோ கேம் இயந்திரத்தின் பழைய துவக்கு ஒன்று கிடைத்தால், யூஎஸ்பி வயரைத் தேட முன்பு அதைக் கழற்றிப் பாருங்கள். குழலுக்குள் வில்லையும் அதன் பின்னால் ஒளியுணரியும் இருந்தால், அது படக்குழாய் டிவிக்கான துவக்கு. அந்த டிவியில் மின்னணுக் கற்றை வரி வரியாகப் படத்தை வரைகிறது; நம் நாட்டு பால் (PAL) ஒளிபரப்பு முறையில் ஒரு வரிக்கு 64 மைக்ரோ செக்கன். கற்றை எந்தக் கணத்தில் உணரிக்குத் தெரிகிறது என்பதை வைத்தே குறி கணக்கிடப்படும். எல்சிடி திரையில் கற்றையே இல்லை, ஆகவே இடையில் என்ன மாற்றியைப் போட்டாலும் இந்த வகை குறி பார்க்காது. படக்குழாய் டிவி இன்னும் வைத்திருப்பவர்களுக்கு இதைவிட வேகமான துவக்கு கிடையாது. ஆனால் கொழும்பு மாடிவீடுகளில் எத்தனை பேரிடம் அது மிச்சம் இருக்கிறது?

எனக்கு மிகப் பிடித்தது இரண்டாவது வகை. 1991இல் வந்த டெர்மினேட்டர் 2 இயந்திரத்தில் இருப்பதுபோல, பெட்டியோடு தாங்கியில் பூட்டிய துவக்கு. இதற்கு ஒளியோடு எந்தத் தொடர்பும் இல்லை. இடம் வலமாக ஒன்று, மேல் கீழாக ஒன்று என இரண்டு பொட்டென்சியோமீட்டர்கள் (திருப்பத் திருப்ப மின்தடை மாறும் பாகங்கள்) மட்டுமே. ஒரு முனைக்கு 5 வோல்ட், மறுமுனைக்கு கிரவுண்ட், நடுக்காலை புரோ மைக்ரோ என்ற, நிரல் ஏற்றி யூஎஸ்பியில் குத்தும் சின்னப் பலகையின் அனலாக் பின்னுக்கு. ஜோய்ஸ்டிக் நிரலை அதில் ஏற்றினால் கணினி அதை ஜோய்ஸ்டிக் என்று எடுத்துக்கொள்ளும். எந்தத் திரையானாலும் வேலை செய்யும்.

தேய்ந்துபோன பொட்டென்சியோமீட்டர் ஒன்றை மாற்றப் புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவுக்குப் போனேன். "நானா, 5 கே இருக்கா?" என்று 5 கிலோ ஓம் வகையைக் கேட்டதும், "லீனியரா, வொலியூமுக்குப் போடுறதா?" என்று கடைக்காரர் திருப்பிக் கேட்டார். அந்தக் கேள்வி பெரிய உதவி. லீனியர் வகை சீராக மாறும், வொலியூமுக்கான வகை அப்படி மாறாது. வொலியூம் வகையைப் போட்டால் குறி திரையின் ஒரு பக்கத்தில் நெருங்கி, மறுபக்கத்தில் தாவும். இன்னொன்று, தாங்கி முழுச் சுற்று திரும்பாது. பலகையில் 0 முதல் 1023 வரை வரவேண்டிய எண் என்னுடையதில் 310 முதல் 720 வரைதான் வந்தது. அந்த இடைவெளியை நிரலில் முழு அகலத்துக்கு விரித்து, பழைய ஆர்கேட் கேம்களைக் கணினியில் ஓட்டும் மேம் எமுலேட்டரில் ஜோய்ஸ்டிக்கின் டெட்சோனை (நடுவில் அசைவைக் கணக்கில் எடுக்காத பகுதியை) 0 ஆக்கிய பிறகுதான் நடுத்திரையில் குறி ஒட்டாமல் நகர்ந்தது. கடற்கரைப் பக்கம் இருப்பவர்கள் கொன்டாக்ட் கிளீனர் ஒரு டின் வாங்கி வையுங்கள், உப்புக்காற்றில் பொட்டென்சியோமீட்டரின் உள்தடம் அழுக்கேறிக் குறி நடுங்கும்.

கையில் பிடிக்கும் துவக்கென்றால், உள்ளே அகச்சிவப்புக் கேமரா வைப்பது ஒரு வழி. நின்டென்டோ வீ கேம் கருவியின் ரிமோட்டை, திரையோடு வைக்கும் டால்பின் பார் என்ற அகச்சிவப்பு விளக்குப் பட்டையோடு இணைப்பது மலிவு. ஆனால் இரண்டு ஒளிப்புள்ளிகளை மட்டும் பார்ப்பதால், நீங்கள் ஓர் அடி பக்கவாட்டில் நகர்ந்தாலே குறி விலகிவிடும். பழைய துவக்குக்குள் நாமே பொருத்தும் கன் ஃபோர் ஐஆர் (Gun4IR) என்ற கேமரா அமைப்பு திரையைச் சுற்றி நான்கு புள்ளிகளைப் பார்க்கிறது. திரை எவ்வளவு சரிவாகத் தெரிகிறது என்று அதிலிருந்து கணக்கிட முடிவதால், நின்ற இடம் மாறினாலும் குழலின் நேர்கோட்டில்தான் சுடும். பழைய துவக்கின் உடலும் விசையும் அப்படியே இருக்கும், அது எனக்குப் பெரிய விஷயம்.

இதற்கு எதிரி வெயில். எங்கள் வெள்ளவத்தை வீட்டு யன்னல் மேற்கே கடலைப் பார்த்தது. பின்னேரம் நாலு மணிக்குச் சூரியன் திரைக்குப் பக்கத்தில் விழுந்தால், கேமரா அதையும் ஒரு புள்ளியாக எடுத்துக் குறியை மூலைக்கு இழுக்கும். தடித்த திரைச்சீலை போட்ட பிறகுதான் சரி வந்தது.

முழுத் துவக்காகவே விற்கப்படும் சிண்டனில் இந்த அகச்சிவப்பு விளக்குகள் இல்லை. சாதாரணக் கேமரா, படத்தைச் சுற்றி மென்பொருள் வரையும் வெள்ளைச் சட்டத்தைத் தேடும். வயரைக் குத்தி மென்பொருளைப் போட்டால் போதும். சட்டம் கண்ணில் பட்டுக்கொண்டே இருப்பது எனக்கு ஒத்துவரவில்லை. ஈயம் பற்றவைக்கப் பயப்படுபவர்களுக்கு இதைத்தான் சொல்வேன்.

இரண்டு பேர் விளையாடுவதென்றால், துவக்குகள் மவுஸாக இணைந்திருக்கும்போது விண்டோஸ் இரண்டையும் ஒரே அம்புக்குறியாகக் கலந்துவிடும். மேமின் அமைப்புக் கோப்பில், பல மவுஸ்களைத் தனித்தனியாக எடுக்கும் மல்டிமவுஸ் வரியை இயக்கி, ஒவ்வொரு துவக்கையும் அசைத்து அவரவர் பெயருக்கு ஒதுக்குங்கள். மருமகன் சுட என் குறி ஓடிய முதல் ஞாயிற்றுக்கிழமை, இந்த ஒரு வரிக்காக முழுப் பின்னேரமும் போனது.