தர்பூசணியா, மாம்பழமா, வாழைப்பழமா: நாய்க்கு எது?

பாம்பன் பக்கம் சித்திரை வெயிலில் மணலில் கால் வைக்க முடியாது. எங்கள் கருப்பன், 15 கிலோ நாட்டு நாய், கரையேற்றிய வள்ளத்தின் நிழலைவிட்டு நகரமாட்டான். வீட்டில் பழம் நறுக்கினால் மட்டும் எப்படியோ வந்து நிற்பான்.

அவன் எடைக்கு நாளுக்குச் சுமார் 850 கலோரி போதும். கொறிப்பது அதில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது என்பது கால்நடை மருத்துவர்கள் சொல்லும் கணக்கு. ஆக, பழத்துக்கு 85 கலோரிதான்.

அந்த 85-க்குத் தர்பூசணி கால் கிலோவுக்கு மேலேயே கொடுக்கலாம். மாம்பழச் சதை 140 கிராம். உரித்த வாழைப்பழம் 95 கிராம். வளைகுடாவில் இருந்து வரும் சொந்தங்கள் கொண்டுவரும் பேரீச்சையோ வெறும் 30 கிராம், அதாவது மூன்று நாலு பழம். அதுவும் கொட்டையை எடுத்துவிட்டு. அவ்வளவு சர்க்கரை அவனுக்கு எதற்கு? பேரீச்சை எங்கள் வீட்டில் கிடையாது.

கோடைக்கு என் ஓட்டு தர்பூசணிக்கே. நூற்றுக்குத் தொண்ணூறு பங்குக்கு மேல் தண்ணீர். விதையையும் பச்சைத் தோலையும் நீக்கி, சின்னச் சின்னத் துண்டாக. அதற்காகத் தண்ணீர்ச் சட்டியைக் காலியாக வைத்துவிடக் கூடாது.

கருப்பனுக்குப் பிடித்தது மாம்பழம். சிக்கல் கொட்டையில். போன வருஷம் "பாவம், சப்பிட்டுப் போகட்டும்டா" என்று அம்மா ஒரு கொட்டையைப் போட, அவன் அதைக் கவ்விக்கொண்டு கட்டிலுக்கடியில் புகுந்துவிட்டான். கருவாட்டுத் துண்டைக் காட்டித்தான் வெளியே வரவைத்தோம். வழுக்கும் கொட்டை, விழுங்கினால் குடலை அடைக்கும், அப்புறம் அறுவை சிகிச்சைதான். சதையை மட்டும் சீவிக் கொடுத்தால் பயமில்லை.

வாழைப்பழத்துக்கு ஒரே வேலை: பூச்சி மாத்திரையை உள்ளே வைத்து அமுக்கிக் கொடுக்க. அதில் அதை மிஞ்ச ஆளில்லை. சர்க்கரை நோய் உள்ள நாய்க்கு மட்டும் எந்தப் பழமானாலும் மருத்துவரைக் கேட்டுத்தான்.

திராட்சை இந்தப் போட்டிக்கே வராது. பச்சையோ உலர்ந்ததோ, நாயின் சிறுநீரகத்தைக் கெடுக்கும். எந்த அளவில் எந்த நாய் விழும் என்று கணிக்க முடியாது. அதிலுள்ள டார்டாரிக் அமிலம்தான் காரணம் என்று கருதுகிறார்கள். நம் புளியிலும் அதுவே இருப்பதால், புளிப்பானைக்கு மூடி போட்டாச்சு. பாயசத்துத் திராட்சையைத் தின்றுவிட்டால், வாந்தி வரட்டும் என்று காத்திருக்காமல் உடனே மருத்துவரிடம் ஓடுங்கள். இங்கிருந்து ராமநாதபுரம் போய்ச் சேரவே ஒரு மணி நேரம் ஆகும்.