முழங்காலோடு மனத்தையும் விசாரித்த இயன்முறை நிலையம்

என் மகன் கபடி ஆட்டக்காரன். சென்ற ஆண்டு எங்கள் ஊர்க் கோயில் கொடை விழாவை ஒட்டி நடந்த இரவுப் போட்டியில், பாடிச் சென்று திரும்பும்போது இடது முழங்கால் பிசகி, ஏசிஎல் என்னும் ஜவ்வு முழுவதுமாகக் கிழிந்துவிட்டது. தொடையின் பின்புறத்திலிருந்து தசைநாரை எடுத்து, அறுவை சிகிச்சையில் புதிய ஜவ்வு அமைத்தார்கள். அதற்குப் பின் 9 மாதங்கள் அவனைப் பாளையங்கோட்டையில் ஓர் இயன்முறை சிகிச்சை (பிசியோதெரபி) நிலையத்துக்கு அழைத்துச் சென்று வந்தேன். விளம்பரம் தேடித் தருவது என் நோக்கமன்று என்பதால் நிலையத்தின் பெயரைத் தவிர்க்கிறேன். விளையாட்டில் அடிபட்ட பிள்ளையை எங்கே சேர்ப்பது என்று அலையும் பெற்றோர், அங்கே எதைக் கேட்க வேண்டும் என்று அறிவதற்காகவே எழுதுகிறேன்.

பயிற்சிகளில் குறையில்லை. வீக்கத்தை வடியச் செய்து, காலை முழுதாக நீட்ட வைத்து, சூம்பிப்போன தொடைத் தசையை மெல்ல மெல்ல மீட்டார்கள். ஒரு வேளைக்கு 400 ரூபாய் வாங்கினார்கள். அந்தக் கவனிப்புக்கு அது நியாயமே.

இரண்டாம் மாதத்தில் வலி குறைந்துகொண்டிருந்தபோதுதான் அவன் வீட்டில் பேசுவதை நிறுத்தினான். பகலெல்லாம் படுத்துக் கிடந்தான், இரவில் விழித்திருந்தான், சக ஆட்டக்காரர்களின் அழைப்புகளை எடுப்பதில்லை. சோம்பல் என்று நினைத்து நான் திட்டினேன். அதை எண்ணி இன்றும் வருந்துகிறேன். வீட்டுப் பயிற்சிகளை அவன் விட்டுவிட்டதைக் கவனித்த இயன்முறை மருத்துவர், “தம்பி, ராத்திரி ஒறக்கம் வருதா? டீம்ல இருந்து யாராச்சும் வந்து பாக்காங்களா?” என்று கேட்டார். அவன் அழுதுவிட்டான்.

கடந்த 2 வாரங்களைப் பற்றிய 9 கேள்விகள் கொண்ட பிஎச்கியூ-9 என்ற படிவத்தை அன்றே நிரப்பச் செய்தார்கள். அதன் உச்ச மதிப்பெண் 27. 10-ஐத் தொட்டாலே மனச்சோர்வு மிதமான அளவுக்கு இருக்கக்கூடும் என்று கொண்டு, மேற்கொண்டு விசாரிக்க வேண்டும். என் மகனுக்கு 14 வந்தது. நாள்தோறும் ஓடிய உடல் திடீரென்று முடங்குவதும், அணியின் கூட்டு அறுந்துபோவதும், விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலை கிடைக்கும் என்ற நம்பிக்கை ஆட்டம் காண்பதும், மறுபடி கிழிந்துவிடுமோ என்ற பயமும் சேர்ந்துதான் ஆட்டக்காரரை இந்த நிலைக்குத் தள்ளுகின்றன என்றும், மனம் சோர்ந்தவர் பயிற்சியைக் கைவிடுவதால் கால் தேறுவது தாமதமாகி, அந்தத் தாமதமே சோர்வை மேலும் ஆழமாக்குகிறது என்றும் அவர் பொறுமையாக விளக்கினார். அடிபடாத ஆட்டக்காரன் உண்டா என்று பேசியே பழகிய எங்கள் ஊரில், இதை யாரும் எனக்குச் சொன்னதில்லை.

மனநல ஆலோசகரிடம் அனுப்பியதோடு, இரவில் தனிமை மிகும்போது பேசுவதற்கு 14416 என்ற டெலி மானஸ் எண்ணையும் எழுதிக் கொடுத்தார்கள். அது 24 மணி நேரமும் இயங்கும் இலவச அரசு மனநலத் தொலைபேசிச் சேவை. பழைய அணியின் மாலைப் பயிற்சிக்குச் சென்று புள்ளிக் கணக்கு எழுதும்படி சொன்னதுதான் எல்லாவற்றையும்விடப் பலன் தந்தது என்பது என் கருத்து. ஆறாம் மாதத்தில் அதே படிவத்தில் மதிப்பெண் 6 ஆகியிருந்தது.

குறைகளையும் சொல்ல வேண்டும். முதல் மாதம் முழுவதும் மனநிலையைப் பற்றி எவரும் கேட்கவில்லை. சேரும் நாளிலேயே படிவத்தைக் கொடுத்திருந்தால் அந்த வாரங்கள் வீணாகியிருக்காது. ஆலோசகர் சனிக்கிழமை மட்டுமே வருகிறார். இறந்துவிட்டால் நல்லது என்ற எண்ணம் வந்ததா எனக் கேட்கும் ஒன்பதாவது கேள்விக்கு, மறுபுறம் நான்கு பேர் காத்திருக்க, ஒரு திரைச்சீலைக்குப் பின்னால் அமர்ந்து அவன் பதில் எழுத வேண்டியிருந்தது. அதற்குக் கதவுள்ள அறை வேண்டும்.

ஒற்றைக் காலில் தாவும் சோதனையில் இடது கால் வலது காலின் திறனில் 90 விழுக்காட்டைத் தாண்டிய பிறகே களமிறங்க அனுமதித்தார்கள். களத்துக்குத் திரும்பும் முதல் வாரங்களில்தான் பயம் கூடும் என்பதால், ஒருமுறையாவது தொலைபேசியில் அழைத்து விசாரியுங்கள் என்று கடைசி நாளில் கருத்துப் புத்தகத்தில் எழுதிவைத்து வந்தேன். இரண்டு மாதங்கள் ஆகின்றன. இன்னும் அழைப்பு வரவில்லை.